காசுக்குள் இருந்தவள்

எங்கள் வீட்டில் உருவப்படம் என்று ஒன்றும் கிடையாது. கலண்டர் என்றால் பூப் போட்டதோ பள்ளிவாசல் போட்டதோதான் சுவரில் ஏறும். பால்மா டின்னில் இருந்த மாடு எப்போதும் சுவரைப் பார்த்தபடியே நிற்கும். பவுடர் டப்பாவில் சிரித்த குழந்தையின் முகத்தை மாமி கத்தி முனையால் சுரண்டிவிட்டிருந்தார். பாவம், அந்தப் பிள்ளை முகமில்லாமலே மூன்று மாதம் எங்களோடு இருந்து தீர்ந்துபோனது. எனக்குக் கொழும்பிலிருந்து வந்த பொம்மை ஒன்று, பகலில் அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வரும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அலுமாரிக்குள் போய்க் குப்புறப் படுத்துவிடும். உருவம் இருக்கிற வீட்டுக்குள் அல்லாஹ்வின் அருளைக் கொண்டுவருகிற வானவர்கள், மலக்குமார், நுழையமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் பேச்சு வராத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

இதனால் எனக்கு ஒரு வியாதி வந்தது. படமே இல்லாத வீட்டில் வளர்ந்த எனக்கு எங்கு பார்த்தாலும் படமாகத் தெரிய ஆரம்பித்தது. குசினிச் சுவரின் ஈரத்தில் ஓர் ஒட்டகம் இருந்தது. ரிவர்ஸ்டன் பக்கத்து மலையில் மூட்டம் இறங்கினால் அதில் இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள். ஒருநாள் காலைச் சாப்பாட்டில், மாமியின் ரொட்டியில் தாடி வைத்த ஒருவர் இருக்கிறார் என்று நான் சொல்லப்போக, மாமி அந்த ரொட்டியை நாலாகப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து, பிஸ்மி சொல்லி விழுங்கிவிட்டார். இவளுடைய கண்ணுக்கு ஒரு மூடி போடவேண்டும் என்று வாப்பாவிடம் முறையிட்டார். வாப்பா சிரித்தார்.

மாமி என்றால் வாப்பாவின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவர். பிள்ளை இல்லாதவர், புருஷன் மௌத்தான பிறகு எங்களோடு வந்து இருந்துவிட்டார். வீட்டின் சாவியும் வாயும் அவரிடம்தான். நல்ல மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு நீங்கள் அவரைத் திட்டக்கூடாது. எனக்குத் தலைவாரிப் பின்னியதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் விழித்திருந்ததும் அவர்தான். உக்குவளையில் கோச்சி ஓடுகிற தண்டவாளத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. முன்னறையில் வாப்பாவின் மிளகுக் கடை. கராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் சாக்குச் சாக்காக வந்து போகும். அந்த வாசம் எங்கள் தலையணை வரைக்கும் ஏறியிருந்தது.

உம்மாவின் கழுத்துச் சங்கிலியில் ஒரு தங்கக் காசு தொங்கியது. இரத்தோட்டைப் பக்கத்தில் எப்போதோ கொக்கோக் கன்று நடக் குழி வெட்டும்போது கிடைத்ததாம். யாரோ அதில் வளையம் வைத்து, அது உம்மாவின் வழிப் பெண்களின் கழுத்திலேயே இறங்கி இறங்கி வந்தது. மகளுக்குத்தான் கொடுப்பது, மருமகளுக்கு இல்லை. அடுத்தது எனக்கு.

ஒரு ரூபாக் குத்தியைவிடச் சின்னது. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. அதற்கு இரண்டு பக்கமும் மீன் முள்ளைப் போல வளைந்து ஏறுகிற கோடுகள். அங்கங்கே புள்ளிகள். உச்சியில் கவிழ்ந்த ஒரு பிறை, பிறைக்குள் ஒரு தனிப் புள்ளி. அவ்வளவுதான். பின்பக்கம் தேய்ந்து வழுக்கையாகப் போயிருந்தது. பழைய ராசாக்கள் காலத்துக் காசு அது என்றும், அந்தக் கோடுகள் நிற்கிற ராசாவின் உடுப்பு மடிப்புகள் என்றும் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். கொழும்பு நூதனசாலையில் அதன் கூடப்பிறந்ததுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். ஒருவர் செதுக்கிய அச்சைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று செதுக்கச் செதுக்க, ராசாவின் கையும் காலும் கழன்று வெறும் கோடாகிப்போனதாம். முகம் இருந்த இடத்தில்தான் அந்தப் பிறை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. பிறை இருக்கிறதே, அப்படியென்றால் நம்முடைய காசுதான் என்று திருப்தியாகப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்பது வயதில் தம்பி பிறந்தான். எனக்கும் அவனுக்கும் இடையில் இரண்டு பிள்ளைகள் வந்தன. இரண்டும் மூச்சில்லாமலே வந்தன. அவற்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதனால் தம்பி அழுதுகொண்டு பிறந்தபோது மாமி குசினியில் உட்கார்ந்து தானும் அழுதார். வாப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். ஒரு மாதம் நாங்கள் அப்படிச் சந்தோஷமாக இருந்தோம். பிறகுதான் பால் குடிக்கும்போது அவனுடைய உதடு நாவல் பழம் தின்றதுபோல் ஆவதை உம்மா கவனித்தார். கண்டி ஆஸ்பத்திரியில் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்கள். இதயத்தில் ஓட்டை என்றார்கள். கொழும்பில் வெட்டித் தைக்கவேண்டும், அதற்குப் பிள்ளை கொஞ்சம் எடை வைக்கவேண்டும், அதுவரைக்கும் இந்த மருந்தைக் கொடுங்கள் என்றார்கள். எடை வைக்கத்தான் அவனால் முடியவில்லை. நாலு வாய் குடித்தாலே களைத்துவிடுவான்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் அவனுடைய மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தார்கள். என்னை யாரும் எண்ணவில்லை. நான் பள்ளிக்கூடம் போனேனா, சாப்பிட்டேனா, என் தலையில் பேன் இருக்கிறதா, ஒருவருக்கும் கவலையில்லை. எனக்குத் தம்பியில் உயிர்தான். ஆனாலும் பொறாமையாகவும் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இப்போது?

உம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டித் தம்பிக்குப் பால் கொடுக்கும்போது, அந்தக் காலில் தலைவைத்து நான் மல்லாந்து படுத்துக்கொள்வேன். அந்த இடம் ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது. அண்ணாந்து பார்த்தால் உம்மாவின் முகமும் தலைகீழ், நெஞ்சில் தொங்குகிற காசும் தலைகீழ். அப்படி ஒரு பகல் பார்த்துக்கொண்டு கிடக்கும்போதுதான் அவள் தெரிந்தாள்.

கோடுகள் எல்லாம் முக்காடாக மாறிவிட்டன. முள்ளாகக் கிடந்தவை, தலையிலிருந்து இரண்டு பக்கமும் வழிகிற துணி. துணிக்கு நடுவே முகத்துக்கு வேண்டிய அளவுக்கு ஒரு வெற்றிடம், கொஞ்சம் சாய்ந்து. பிறை இப்போது கீழே வந்து மடியாகிவிட்டது. மடிக்குள் இருந்த புள்ளி, ஒரு பிள்ளையின் தலை. ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு கோடு கோடாகத் தெரியவே தெரியாது. நான் எழும்பி உட்கார்ந்து, உம்மா, இந்தக் காசில் ஒரு பொம்பிளை இருக்கிறா என்று சொன்னேன். உம்மா காசைச் சட்டைக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு, உனக்கு எங்கே பார்த்தாலும் ஆள்தான் என்று சிரித்தார். சத்தம் போடாதே, தம்பி எழும்பிவிடுவான் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மாமிக்கு அந்தக் காசு உறுத்தத் தொடங்கியது தம்பிக்கு நாலு மாதமாக இருக்கும்போது. அது எங்கிருந்து வந்தது, யார் அடித்தது, எந்த ராசா, எந்தக் கோயில், ஒன்றும் தெரியாது. அதில் உருவம் ஏதாவது இருந்தால்? பால் குடிக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே அல்லவா அது ஆடுகிறது? மாமி இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியின் பாதத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“வீட்டுக்கு மலக்குமார் வராட்டி, இந்தப் புள்ளைய ஆர் பாத்துக்கொள்றது, சொல்லுங்க?”

உம்மா, அது வெறும் கோடுதானே மச்சி என்றார். வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். வாப்பா அதைத் தராசுப் படியைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்து, மீன் பிடிக்கிற தூண்டில் முள்ளாக இருக்கும் என்றார். மாமிக்குத் தேள் தெரிந்தது. கடைசியில் தம்பிக்கு ஓதி ஊத வந்த லெப்பையிடம் கேட்டார்கள். அவருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. காசை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார், மூக்குக்குக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார். பிறகு நியாயமான மனுஷர் சொல்லக்கூடியதைத்தான் சொன்னார். கோடு மட்டும் என்றால் ஒன்றுமில்லை; முகம் தெரிந்தால் போடவேண்டாம்; எதற்கும் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஆக, முகம் இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது விஷயம். மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை என்மேல் விழுந்தது.

ரொட்டியில் ஆள் பார்க்கிற கண் ஒன்று நம் வீட்டில் இருக்கிறதே என்றார். வா மகள் என்று பக்கத்தில் இருத்தி, என் தலையைத் தடவி, இதில் முகம் ஏதும் தெரிகிறதா என்று கேட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்னை ஒருவர் ஒன்று கேட்கிறார்! வாப்பா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். உம்மாவும் பார்த்தார். உம்மாவின் பார்வையில் ஏதோ இருந்தது. அதை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. ஒட்டகமும் தாடிக்காரரும் தெரிகிற கண்ணுக்கு, பெற்ற தாயின் முகத்தில் இருந்தது தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். பிடித்துக் காட்டினேன். இதோ முக்காடு, இதோ மடி என்று விரல் வைத்தேன். மாமிக்குப் பிடிபடவில்லை. வாப்பா, சின்னப் பிள்ளையின் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்று சலித்துவிட்டுக் கடைக்குப் போனார். அதோடு எல்லோரும் கலைந்தார்கள்.

எனக்கு மானம் போய்விட்டது. எனக்குத் தெரிந்தது பொய்யென்று ஆகிவிட்டதே! அத்தோடு வேறொரு எண்ணமும் உள்ளே ஓடியது. படம் இருப்பது உறுதியானால் காசை அலுமாரிக்குள் குப்புற வைப்பார்கள், என் பொம்மையைப் போல. மலக்குமார் வருவார்கள். தம்பிக்குச் சுகமாகும். யாரால் சுகமானது? என்னால்.

மறுநாள் உம்மா குளிக்கப் போகும்போது சங்கிலியைக் குசினிக் கதவின் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். நான் கதிரையைப் போட்டு ஏறி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். காசைக் கொப்பித் தாளுக்கு அடியில் வைத்து, மேலே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் அதில் உள்ளது அப்படியே ஏறும். ஏறியது. கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினேன். இருந்தாள். ஆனால் மங்கலாக இருந்தாள். மாமியின் கண்ணுக்கு இது போதாது என்று எனக்குப் பட்டது. முக்காட்டுக் கோடுகளின்மேல் பென்சிலை அழுத்தி ஓட்டினேன். மடியை அழுத்தினேன். பிறகு, முகத்துக்கான அந்த வெற்றிடத்தில் இரண்டு கண் வைத்தேன். கண் வைத்ததும் வாயில்லாமல் பார்க்க என்னவோபோல் இருந்தது. ஒரு வாயும் வைத்தேன், சிரிக்கிற மாதிரி.

இவ்வளவுதான் நான் செய்தது. காசில் கண் இல்லை. வாய் இல்லை. இரண்டும் நான் வைத்தவை.

சங்கிலியை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டுக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமி கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார். கொப்பியை எடுத்துக்கொண்டு போய், தலையில் துவாய் சுற்றியபடி நின்ற உம்மாவின் கையில் கொடுத்தார். உம்மா அதை நெடுநேரம் பார்த்தார். கண் எங்கிருந்து வந்தது என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் கேட்கவில்லை. மடிக்குள் இருந்த புள்ளியின்மேல் ஒரு விரலை வைத்துவிட்டு எடுத்தார். வாப்பா உள்ளே வந்து, இதைக் கழற்றிக் கடைப் பெட்டியில் வைத்தால் போதும், பரம்பரைச் சாமான், அவசரப்படாதே என்றார். கடையானால் என்ன வீடானால் என்ன, ஒரே கூரைதானே என்றார் மாமி. உம்மா இரண்டு பேரையும் பேசவிட்டுவிட்டு, ஆணியில் இருந்த சங்கிலியை எடுத்து, காசை மட்டும் கழற்றி மாமியின் கையில் வைத்தார்.

“உருக்கச் சொல்லுங்க மச்சி. உருவம் போகட்டும்.”

மாத்தளையில் நகை செய்கிற பத்தரிடம் போனோம். அடம்பிடித்து நானும் போனேன், கண்டுபிடித்த ஆள் நானல்லவா! பத்தர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனுஷர். அவருக்குப் பின்னால் சுவர் நிறையச் சாமிப் படங்கள். மாமி அந்தச் சுவரைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, உருக்கி இந்தப் பிள்ளைக்கு ஒரு சோடித் தோடு செய்யவேண்டும் என்றார். பத்தர் காசைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இதுல சாமி மாதிரி என்னமோ இருக்குங்க. இத உருக்க மனசு வரலீங்க.”

உருவம் இருப்பதால் உருக்கவேண்டும் என்கிறார் மாமி. உருவம் இருப்பதால் உருக்கமாட்டேன் என்கிறார் அவர். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கு இரண்டு பேரும் என் கட்சி என்றுதான் பட்டது. படம் இருக்கிறது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்களே! கடைசியில் மாமி தம்பியின் கதையைச் சொன்னார். நோய்ப் பிள்ளை என்றதும் பத்தர் மறுபேச்சுப் பேசவில்லை. காசை இரண்டு கண்ணிலும் ஒற்றி, மூசைக்குள் வைத்தார். மூசை என்பது குழந்தை உள்ளங்கை அளவுக்கு ஒரு மண் கிண்ணம். ஊதுகுழலால் ஊதினார். ஓரம் சிவந்தது. கோடுகள் கொஞ்ச நேரம் சிவப்பிலும் தெரிந்தன. நான் இமை வெட்டாமல்தான் பார்த்தேன். இருந்தும் அவள் எந்த நேரத்தில் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு துளியாகி, வேர்வை முத்துப்போல் நடுங்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா! நான் கைகொட்டினேன்.

தோடு வந்தது. போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தம்பிக்கும் சொல்லிவைத்ததுபோல் கொஞ்சம் தெளிந்தது. உதட்டில் நிறம் வந்தது, ஒரு மூச்சில் ஏழெட்டு வாய் குடித்தான், ஆளைப் பார்த்து வாயைத் திறந்தான். மாமி என்னைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தமிட்டார். என் கண்ணுக்கு மூடி போடவேண்டும் என்று சொன்னவர், இந்தக் கண்ணை அல்லாஹ்தான் தந்தான் என்று பக்கத்து வீடுகளில் சொல்லித் திரிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவளிடம், தம்பியை நான்தான் சுகப்படுத்தினேன் என்று சொன்னேன். டாக்டருக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.  பால் கொடுக்கும்போது உம்மாவின் கை அடிக்கடி கழுத்துக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வரும்.

மூன்றாவது கிழமை தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. சளிக்காய்ச்சல்தான், எனக்கு வந்தால் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்து எழும்பியிருப்பேன். அவனைக் காலைக் கோச்சியில் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நடுப்பகல் லுஹருக்குச் சற்று முன்னால் ஒரு வேனில் திரும்பிக் கொண்டுவந்தார்கள். வாப்பாதான் தூக்கிக்கொண்டு இறங்கினார். வெள்ளைத் துவாயில் சுற்றியிருந்தது. நான் ஓடிப்போய், தம்பி தூங்குகிறானா என்று கேட்டேன். வாப்பா என்னைத் தாண்டி உள்ளே போனார். உம்மா வேனிலிருந்து இறங்கவே இல்லை. மாமியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் போய்க் கையைப் பிடித்து இறக்கினார்கள். அஸருக்கு முன்னால் அடக்கிவிட்டார்கள். அவ்வளவு சின்ன மையத்துக்கு, தோளில் தூக்கிப்போகிற சந்தூக்குக்கூடத் தேவைப்படவில்லை. வாப்பா இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். பின்னால் ஆண்கள் போனார்கள். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

படம் போய்விட்டதே, பிறகு ஏன் தம்பி போனான்? மூன்றாம் நாள் இதை மாமியிடம் கேட்டேன். மாமி தம்பிக்காக ஓதுகிற கத்தத்துச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அல்லாஹ்வுடைய நாட்டம் மகள் என்றார். அப்படியென்றால் காசு இருந்தாலும் போயிருப்பானா என்று கேட்டேன். மாமி வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. 

அப்படியானால் பிழை என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இல்லாத கண்ணையும் வாயையும் வைத்துப் பொய்ப் படம் காட்டினேன். பொய் சொன்ன வீட்டுக்கு மலக்குமார் எப்படி வருவார்கள்? ஒன்பது வயதுக்கு அது நல்ல கணக்காகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

உம்மா அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பால் கட்டிக்கொண்டதால் நெஞ்சில் துணியைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். துணி நனைந்திருந்தது. அறை முழுக்கப் பால் வாடை. நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, காசில் கண் இருக்கவில்லை உம்மா, நான்தான் வைத்தேன், வாயும் நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். உம்மா திரும்பிப் பார்த்தார். அவருடைய முகம் வீங்கிப்போய் யாரோ ஒருவருடையதுபோல் இருந்தது. தெரியும் என்றார்.

பிறகு எழும்பி உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், கதவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

“கண்ணும் வாயும்தான் மகள் நீங்க வச்ச. அவ முந்தியே அங்க ஈந்தா. கழுத்துல போட்டவ குனிஞ்சு தூக்கிப் பாத்தா, காசு தலகீழாத்தானே தெரியும். எனக்கு எந்த நாளும் அவ தெரிஞ்சா. முந்தின ரெண்டு புள்ளயும் மௌத்தான நேரமும் அவளத்தான் பாத்துக்கிட்டு ஈந்தேன். தெரிஞ்சுகிட்டேதான் கழட்டாம ஈந்தேன்.”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. இத்தனை நாள் ஒருவரும் நம்பாத படம், உம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது! நான் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் என் கண் பிழையில்லைதானே உம்மா என்று கேட்டேன்.

“இல்ல மகள். ஒங்கட கண்ணு பிழையில்ல.”

சொல்லிவிட்டு உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.  எனக்குப் பசித்தது. நான் எழும்பிக் குசினிக்கு ஓடி, மாமி போட்டுத் தந்த சோற்றை வயிறு நிறையத் தின்றேன்.

உம்மா அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் இருந்தார். அந்தக் காசைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. வாப்பாவிடமும் சொல்லியிருக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவர் என் கண்ணை மெச்சுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். தெரிந்துகொண்டே கழற்றாமல் இருந்தேன் என்று, மூன்று பிள்ளைகளின் மௌத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதைச் சொல்ல ஆளில்லாமல் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு இருந்த மனுஷி அவர் என்று எனக்கு விளங்கவில்லை. உங்களில் பிழையில்லை உம்மா என்று ஒரு வார்த்தை நான் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அவரிடம் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.